திருநீறு பூசிய எஞ்சின்

பவானிபூரில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு டீச்சர் இருந்தார். அவரிடம் இரண்டு தெர்மாமீட்டர்கள் உண்டு. எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது முதலில் ஒன்றை என் வாயில் செருகி, எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, உதறி வைத்துவிட்டு, அடுத்ததைச் செருகினார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் எனக்குக் காய்ச்சல் என்பதை ஒப்புக்கொண்டார். கொஞ்சம் முன்பின்னாக இருந்திருந்தால் என்னை ஆபீசுக்கு அனுப்பியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவன், மொட்டைமாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். டீச்சருக்குத் திருச்சிப் பக்கம். பெண்கள் பள்ளி ஒன்றில் சயன்ஸ் சொல்லிக்கொடுத்தார். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர் விட்டுப்போனது மைதிலி என்ற ஒரே பெண்ணையும் ஒரு பழைய கறுப்புக் காரையும். காரை டீச்சரே ஓட்டுவார். புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண்மணி ஸ்டியரிங் பிடித்து வருவதைப் பார்க்க எங்கள் சந்தில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்களாம். நான் குடிவந்தபோது சந்துக்கு அது பழகிப்போயிருந்தது.

யார் எதைச் சொன்னாலும் டீச்சரின் பதில் ஒன்றுதான். "காட்டுங்க."

காய்கறிக்காரர் இன்று பறித்த கத்தரிக்காய் என்று சத்தியம் செய்தால் காம்பைக் கிள்ளிக் காட்டச் சொல்வார். மோட்டார் ரிப்பேர், அதனால்தான் தண்ணீர் ஏறவில்லை என்று வீட்டுக்காரர் சொன்னால் மோட்டார் அறைச் சாவியைக் கேட்பார். துர்கா பூஜைக்குச் சந்தா கேட்டு வந்த தெருப் பையன்களிடம், சிலையைக் காட்டினால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டார். அவர்களும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிலை செய்கிற குமார்துலிக்கே அவரை அழைத்துக்கொண்டு போனார்கள். வைக்கோலும் களிமண்ணுமாக அரைகுறையாக நின்ற அம்மனைச் சுற்றி வந்து, "கை ஒம்பதுதான் இருக்கு" என்றாராம் டீச்சர். பத்தாவது கை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பணப்பையைத் திறந்தார். அந்த வருடத்திலிருந்து அந்தப் பையன்கள் டீச்சரைக் கண்டால் தூரத்திலிருந்தே பத்து விரல்களையும் விரித்துக் காட்டுவார்கள்.

அவர் வாயில் 'சரி' என்ற சொல் வந்து நான் கேட்டதேயில்லை. "பார்க்கலாம்" என்பார். மனசுக்கு ரொம்பத் திருப்தி என்றால் ஒரு "ம்". மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துக்கொண்டு போங்கள் டீச்சர் என்று சொன்னாலும் "பார்க்கலாம்"தான். பிறகு நனைந்துகொண்டு வருவார்.

மைதிலிக்கு இடது காலில் பலமில்லை. குழந்தையில் வந்த போலியோ. இரும்புக் கம்பிகளும் தோல் வார்களும் வைத்த காலிப்பர் போட்டுக்கொண்டு, நடக்கும்போது லேசாக ஒரு சத்தம் வரும்படி நடப்பாள். அவள் வருவது வீடு முழுக்கக் கேட்கும். காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டாளிப் பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு டிராம் ஏறும்போது இவள் அம்மாவின் காரில் ஏறி உட்கார்வாள். அந்தக் காலத்து பஸ்களில் மனிதர்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். கார் இல்லாவிட்டால் அவள் படிப்பு அதோடு நின்றது என்று டீச்சர் எல்லோரிடமும் சொல்வார். அதை மட்டும் யாரும் காட்டச் சொன்னதில்லை.

அந்தக் கார்தான் எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது.

சந்தில் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு கறை. முதலில் உள்ளங்கை அளவு இருந்தது, பிறகு தோசை அளவு ஆயிற்று. டிராம் ரோட்டை ஒட்டிய ஒரு கேரேஜில்தான் எப்போதும் வண்டியை விடுவார். அதன் முதலாளியை எல்லோரும் 'கேரேஜ் பாபு' என்பார்கள். வெற்றிலை போட்ட வாய், இனிமையான பேச்சு, வந்தவர்களுக்கெல்லாம் மண் கோப்பையில் டீ. பதினைந்து வருடம் அந்தப் பக்கத்திலேயே இருந்தும் டீச்சர், சந்தேகப்படுவதற்கு எவ்வளவு வங்காளம் வேண்டுமோ அவ்வளவுதான் கற்றிருந்தார். மைதிலிக்கோ வங்காளம்தான் வாயில் ஓடும். வண்டி அங்கே நிற்கும் நாட்களில் டீச்சர் பள்ளியிலிருந்து வருகிறவரை கேரேஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த மனிதரைக் 'காக்கு, காக்கு' என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டு அரட்டை அடிப்பாள்.

வண்டியைக் காட்டப் போன அன்று டீச்சர் மைதிலியோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"எனக்குக் கார் பத்தி ஒண்ணும் தெரியாதே டீச்சர்" என்றேன்.

"தெரிய வேண்டாம் தம்பி. ஆம்பிளை ஒருத்தர் பக்கத்துல நின்னா கொஞ்சம் கம்மியா பொய் சொல்வாங்க."

கேரேஜ் பாபு பானெட்டைத் திறந்தார், மூடினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். டீச்சரைத் 'தீதி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். "தீதி, எஞ்சினுக்குப் பின்பக்கம் இருக்கிற ஆயில் சீல் போயிடுச்சு. எஞ்சினையே இறக்கணும். இறக்கினா உள்ளே இன்னும் என்னென்ன வருமோ. வயசான வண்டி. இதுக்குச் செலவு பண்றதைவிட வண்டியைக் கொடுத்துடலாம்."

"யாருக்கு?"

"பார்ட்டி கிடைக்கும்."

"எந்தப் பார்ட்டி?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "பார்க்கணும் தீதி. இப்போதைக்கு வண்டி ரெண்டு மாசம் இங்கேயே நிக்கட்டும்."

டீச்சர் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். வீடு வந்து சேர்ந்ததும் மைதிலி உள்ளே போகிறவரை பொறுத்திருந்துவிட்டு என்னிடம் விஷயத்தைப் பிரித்து வைத்தார்.

"கவனிச்சீங்களா? அந்த ஆள் குனியவே இல்லை. எண்ணெய் கீழே ஒழுகுது, அவர் மேலே பாத்துட்டு மூடிட்டார். பாக்காம சொல்றவர் நாம வர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டார்னு அர்த்தம்."

"அனுபவமா இருக்கலாமே."

"அப்ப ஏன் பேசும்போதெல்லாம் மைதிலி பக்கமே பாத்துக்கிட்டிருந்தார்? நொண்டிப் பொண்ணை வச்சுக்கிட்டு இவ எங்கே போகப்போறான்னு கணக்குப் போடறார். பார்ட்டியாம் பார்ட்டி. அவரே வாங்கி, ஒரு பேக்கிங்கை மாத்திட்டு, ரெண்டு பங்கு விலைக்கு விப்பார்."

சந்தேகத்துக்கு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. மாடிப்படி ஏறுவதற்குள் எனக்கும் அந்த வெற்றிலை வாய் அயோக்கியனின் வாயாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அவர் வாங்கித் தந்த டீகூடத் தண்ணீராக இருந்ததுபோல ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் சோதனையை ஆரம்பித்தார். ரேஷன் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து எஞ்சினின் பின்பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழாகத் துடைத்தார். என் பங்குக்கு நானும் துடைத்தேன். நன்றாகக் காயவிட்டார். பிறகு உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார். ஊரிலிருந்து யாரோ அனுப்பிய திருநீறு, கிலோக் கணக்கில் இருக்கும்.

"டீச்சர், இது..."

"எண்ணெய் எங்கேருந்து புறப்படுதுன்னு தெரியணும்னா காஞ்ச பொடி தூவணும். ஈரம் பட்ட இடம் கறுத்து வழி காட்டும். முகத்துக்குப் போடற பவுடர் விக்கிற விலைக்கு அதைத் தூவ முடியாது. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது. இது சும்மாதானே கிடக்கு."

"சாமி குத்தம் ஆயிடாதா?"

"சாமி தேர்ல வர்றாரு. கார்ல வர மாட்டாரா?"

பிடிப்பிடியாக எடுத்துத் தூவினார். எஞ்சின் முழுக்க வெள்ளையாகிவிட்டது. மைதிலி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீயும் வாயேன் என்றதற்குத் தலைவலி என்றாள். அவள் முகம் எனக்கு ஒரு மாதிரியாகப் பட்டது. அம்மாவின் கூத்தைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மைதானத்தைச் சுற்றி ஆற்றங்கரைக்குப் போனோம். படித்துறைக்குப் பக்கத்தில் நிறுத்தி டீச்சர் பானெட்டைத் திறந்தார். எனக்கே புரிந்தது. எஞ்சினின் உச்சியில் இருக்கும் டாப்பெட் கவரின் பின்மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. அங்கிருந்து விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, வெள்ளைப் பொடிக்கு நடுவே, நேராக எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி அடியில் போய்ச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே சீல் இருக்கும் இடத்தில் ஈரம் இருந்தது உண்மை. அது அங்கே மேலிருந்து வந்து சேர்ந்த ஈரம்.

"எஞ்சினை இறக்கணுமாம்" என்றார் டீச்சர். "மேலே ஒரு கார்க் பேக்கிங். ஒரு மத்தியான வேலை."

"கண்டுபிடிச்சுட்டீங்க!"

"பார்க்கலாம். துடைச்சுட்டு இன்னொரு தடவை தூவணும். திரும்பிப் போறப்பவும் அதே இடத்துல வந்தாதான்."

எஞ்சின் ஆறுகிறவரை காத்திருந்தோம். ஹவுரா பக்கம் போகும் படகு ஒன்று கரையைவிட்டுக் கிளம்பியது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"மைதிலிக்கு அப்ப ஒண்ணரை வயசு. வேற ஊர்ல இருந்தோம். ஜுரம். டாக்டர் வீட்டுக்கே வந்தார். நெத்தியைத் தொட்டுப் பாத்தார், நாக்கைப் பாத்தார். காலைத் தொடவே இல்லை. பல்லு முளைக்கிற ஜுரம்மா, ரெண்டு நாள்ல போயிடும்னார். எனக்குள்ள ஏதோ உறுத்துச்சு. பிள்ளை நிக்க மாட்டேங்குதேன்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பெரிய டாக்டர். 'சரிங்க டாக்டர்'னு சொல்லிட்டேன்." படகு நடு ஆற்றுக்குப் போயிருந்தது. "ஜுரம் போயிடுச்சு. காலும் போயிடுச்சு."

"தெரிஞ்சிருந்தாலும் அப்ப ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது டீச்சர்" என்றேன்.

"அப்படித்தான் அப்புறம் பாத்த எல்லா டாக்டரும் சொன்னாங்க. அதையும் நான் நம்பலை" என்று சொல்லி, துணியை எடுத்துக்கொண்டு எஞ்சின் பக்கம் போனார். திரும்பி வந்தபோதும் கோடு அதே மூலையிலிருந்துதான் இறங்கியிருந்தது. "ம்" என்றார்.

மறுநாள் காலை மைதிலியைக் காலேஜில் விடுகிற வழியில் கேரேஜுக்குப் போனோம். எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, ஆனால் கேரேஜ் பாபு மாட்டிக்கொள்வதைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. மைதிலி பின்சீட்டில் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கேரேஜின் பெரிய மெக்கானிக்கான மிஸ்திரி வந்து பானெட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். இன்னும் இரண்டு பேர் ஓடிவந்து கைகூப்பினார்கள். மதராசி தீதி வண்டிக்குப் பூஜை போட்டிருக்கிறார் என்று பேச்சு பரவியது. அவர்களுக்கு வருடத்துக்கு ஒரு நாள் விஸ்வகர்மா பூஜை உண்டு, அன்றைக்கு ஸ்பானருக்குக்கூடப் பொட்டு வைப்பார்கள். இப்படி எஞ்சினுக்கே அபிஷேகம் செய்ததை அவர்களும் கண்டதில்லை. கேரேஜ் பாபு வந்து பயபக்தியோடு ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். எண்ணெயும் சேர்ந்து நெற்றி கறுத்தது.

"கும்பிட்டாச்சா?" என்றார் டீச்சர். "இப்ப இந்தக் கோடு எங்கே ஆரம்பிக்குதுன்னு பாருங்க."

மிஸ்திரி பார்த்தார். விரலால் அந்த மூலையைத் தொட்டார். பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார்.

டீச்சருக்குத் தெரிந்த வங்காளமெல்லாம் அன்றைக்குப் பயன்பட்டது. "மித்தே கொதா!" என்றார். பொய்! உச்சஸ்தாயியில் சொன்னார். "ஒரு கால் இல்லாத பொண்ணோட வண்டியைப் பிடுங்கி விக்கப் பாத்தீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்லை?" இது ஹிந்தியில். மீதி தமிழில். எதிர்க்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த மனிதர் தன் ஆட்களுக்கு முன்னால் நெற்றியில் கறுப்புப் பொட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஒரே ஒரு முறை காரின் பின்சீட்டைப் பார்த்தார்.

காரின் பின்கதவு திறந்தது. காலிப்பர் சத்தம் கேட்டது.

"அம்மா, காக்குவைத் திட்டாதே" என்றாள் மைதிலி. "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

டீச்சர் திரும்பினார்.

"வண்டி கெட்டுப்போச்சுன்னு சொன்னாதான் நீ விடுவே. ரெண்டு மாசம் வண்டி இங்கே நின்னா நான் டிராம்ல போயிடுவேன். உனக்கும் பழகிடும்னு நினைச்சேன். விக்கறேன்னு சும்மாதான் சொன்னார். அவருக்குப் பார்ட்டியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மாட்டேன் மாட்டேன்னுதான் சொன்னார், நான்தான் அழுதேன்."

எனக்கு அந்த வெற்றிலை வாயைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது. ஊரில் இருக்கும் அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட டீச்சர், தன் பின்சீட்டை மட்டும் விட்டுவிட்டிருக்கிறார்.

ஆனால் டீச்சர் டீச்சர்தான். "பொய்" என்றார், இந்த முறை தமிழில், சின்னக் குரலில். "இந்த ஆளைக் காப்பாத்தறே."

"இல்லேம்மா."

"நீ டிராம்ல எப்படி ஏறுவே?"

"ஏறியிருக்கேன். எத்தனையோ தடவை. மத்தியானம் கிளாஸ் இல்லாதப்ப காலேஜ் பொண்ணுங்களோட போயிட்டு, நீ வர்றதுக்குள்ள வந்துடுவேன்."

"பொய்."

மைதிலி அம்மாவைப் பார்த்தாள். "காட்டட்டுமா?" என்றாள்.

பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள். கேரேஜுக்குப் பக்கத்திலேயே டிராம் ஸ்டாப். நாங்கள் பின்னாலேயே போனோம், டீச்சர், நான், கேரேஜ் பாபு, கையில் ஸ்பானரோடு மிஸ்திரி. டிராம் ஏற்கெனவே மணியடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது, ஆபீஸ் நேரத்துக் கூட்டத்தோடு. நின்றது. கண்டக்டர் படியருகே இருந்த பெண்ணைப் பார்த்துவிட்டு, "ஆஸ்தே, லேடீஸ்!" என்று முன்னால் இருக்கும் டிரைவருக்குக் குரல் கொடுத்தார். மெதுவாக, பெண்கள் ஏறுகிறார்கள்.

மைதிலி கம்பியை வலது கையால் பிடித்தாள். வலது காலைப் படியில் வைத்தாள். இடது கையைக் கொடுத்து முழங்காலுக்குக் கீழே காலிப்பரைப் பிடித்துத் தூக்கி மேலே வைத்தாள். படியில் இரும்பு பட்டு ஒலித்தது. டீச்சரின் இரண்டு கைகளும் தானாக முன்னால் போயின. அவரே அவற்றை இழுத்துத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். யாரும் அவளைத் தூக்கவில்லை. கூட்டம் கொஞ்சம் ஒதுங்கியது, அவள் உள்ளே போனாள், டிராம் கிளம்பிற்று.

டீச்சர் கேரேஜுக்கு ஓடினார். நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண்மணி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பானெட்டை அறைந்து மூடினார். பக்கவாட்டிலெல்லாம் திருநீறு பறந்தது.

"தீதி, எண்ணெய் ஒழுகுது" என்று கேரேஜ் பாபு பின்னால் கத்தினார். "பேக்கிங்கை மாத்திடறேன், கொஞ்சம் நில்லுங்க!"

"ஒழுகட்டும்!"

நான் எப்படியோ முன்சீட்டில் தொற்றிக்கொண்டேன். டிராமுக்குப் பின்னால் போனோம். அது நின்றால் நாங்களும் நின்றோம், நகர்ந்தால் நகர்ந்தோம். பின்னால் வந்த டாக்சிக்காரர்கள் எங்களைத் திட்டாத திட்டில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் டீச்சர் கழுத்தை நீட்டிப் படியைப் பார்ப்பார். யார் யாரோ இறங்கினார்கள். ஒருமுறை ஜன்னலில் மைதிலியின் பின்னல் தெரிந்தது. யாரோ அவளுக்கு இடம் கொடுத்திருக்க வேண்டும்.

காலேஜ் ஸ்டாப்பில் அவள் இறங்கினாள். இந்த முறை காலிப்பர் கால் முதலில் வந்தது, பிறகு நல்ல கால். பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். எங்களைத் தேடவில்லை. வாசலில் நின்றிருந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்து எதையோ சொல்லிச் சிரித்தார்கள், அவளும் சிரித்துக்கொண்டே அவர்களோடு உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். ஹாரன் அடிக்கவில்லை. வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டும் சத்தம் கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்தக் காலேஜ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவில்லை.

"தம்பி" என்றார். "நீங்களும் பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன் டீச்சர்."

"ஏறினதையும்?"

"ஏறினதையும் பார்த்தேன். இறங்கினதையும் பார்த்தேன்."

"சரி" என்றார் டீச்சர்.